மூச்சுக்குப் பூட்டு போட்ட காலம்: பெருந்தொற்றில் சிறுவர்களின் ஊதுகருவி வகுப்புகளும் சேர்ந்திசையும்

2020 மார்ச் 18ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன, கோயில்கள் மூடப்பட்டன, திருமணங்கள் ஒத்திவைக்கப்பட்டன. பள்ளி பேண்ட் வாத்தியக் குழுக்களின் டிரம்பெட்டுகள் அலமாரிக்குள் போயின. கோயில் மண்டபங்களில் நாதஸ்வரம் ஓய்ந்தது.

கட்டுப்பாடுகள் தளர்ந்தபோது எல்லா இசை மாணவர்களும் ஒரே வேகத்தில் வகுப்புக்குத் திரும்பவில்லை. மிருதங்கமும் வயலினும் பயிலும் பிள்ளைகள் முகக்கவசம் அணிந்து ஆசிரியர் எதிரில் அமர முடிந்தது. புல்லாங்குழல், நாதஸ்வரம், ரெக்கார்டர், கிளாரினெட் பயிலும் பிள்ளைகளுக்கு அந்த வழி இல்லை. முகக்கவசத்தைக் கழற்றாமல் ஊத முடியாது. ஊதினால் மூச்சு வெளியே வரும். நோய் பரவியதும் அதே மூச்சு வழியாகத்தான்.

அந்தக் காலத்தில் ஊதுகருவி வகுப்புகள் ஏன் தனியாகக் கட்டுப்படுத்தப்பட்டன, ஆய்வுகள் என்ன கண்டறிந்தன, வீட்டிலிருந்து கற்றதில் எது கைகூடியது, எது கைவிட்டுப் போனது என்பதை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

யார் யார் பாதிக்கப்பட்டனர்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ்ப் பிள்ளைகள் ஊதுகருவியைத் தொடுவது பெரும்பாலும் நான்கு வழிகளில்.

முதலாவது, பள்ளியின் இசைப் பாடம். மலேசியத் தொடக்கப்பள்ளிகளில் படிநிலை இரண்டில், அதாவது நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை, இசைக்கல்வியில் ரெக்கார்டர் இடம்பெறுகிறது. விலை குறைந்த பிளாஸ்டிக் குழல் அது. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு வாழ்க்கையில் முதலில் கைக்கு வரும் ஊதுகருவியும் அதுவே.

இரண்டாவது, பள்ளி பேண்ட் வாத்தியக் குழு. மலேசியாவில் இது புறப்பாட நடவடிக்கை. சிங்கப்பூரில் இணைப்பாட நடவடிக்கை. டிரம்பெட், டிராம்போன், கிளாரினெட், டூபா போன்ற கருவிகளைப் பெரும்பாலான குடும்பங்கள் விலைகொடுத்து வாங்க இயலாது. பள்ளிக்குச் சொந்தமான கருவியில்தான் பிள்ளைகள் பயில்கிறார்கள். பள்ளி மூடினால் கருவியும் பூட்டப்படும்.

மூன்றாவது, கர்நாடக இசையில் புல்லாங்குழல். 1949இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம், மலேசியாவில் 1981 முதல் இயங்கிவரும் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் போன்ற அமைப்புகளிலும், வீட்டில் கற்றுத்தரும் ஆசிரியர்களிடமும் பிள்ளைகள் பயில்கின்றனர்.

நான்காவது, நாதஸ்வரம். பெரும்பாலும் கோயிலைச் சார்ந்தும், வாசிப்பவரின் குடும்பத்தைச் சார்ந்தும் இது கற்பிக்கப்படுகிறது. இங்கே வகுப்பறை என்று தனியாக ஒன்று இல்லை. பூசை வேளையும் திருமண மேடையும் திருவிழா ஊர்வலமுமே வகுப்பறை.

திறந்ததும் மூடியதும்

மலேசியாவில் பள்ளிகள் ஒரேயடியாக மூடிக்கிடக்கவில்லை. 2020 ஜூன் 24 அன்று தேர்வு எழுதும் மாணவர்கள் திரும்பினர். ஜூலை நடுவில் மற்ற மாணவர்கள் படிப்படியாக வந்தனர். நவம்பர் 9 அன்று பள்ளிகள் மீண்டும் மூடப்பட்டன. 2021 மார்ச்சில் தொடக்கப்பள்ளிகள் திறந்து, மே மாதத்தில் மறுபடியும் மூடின. ஜூன் 1 முதல் நாடு முழுமைக்கும் கடுமையான முடக்கம். அக்டோபர் 3ஆம் தேதிக்குப் பிறகுதான் பள்ளிகள் கட்டங்கட்டமாகத் திறந்தன.

திறந்த வாரங்களிலும் மொழி, கணிதம், அறிவியல் ஆகியவற்றுக்கே முதலிடம். ஒரே அறையில் முப்பது பிள்ளைகள் ரெக்கார்டர் ஊதுவதை எந்தத் தலைமையாசிரியரும் விரும்பியிருக்க மாட்டார். ஆகவே, 2020இல் நான்காம் ஆண்டில் இருந்த பிள்ளைக்கு ரெக்கார்டர் கற்க ஒதுக்கப்பட்ட மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இப்படியே கழிந்தன.

சிங்கப்பூரில் 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நோய்ப்பரவல் முறியடிப்பு நடவடிக்கைகள் நடப்பில் இருந்தன. ஏப்ரல் 8 முதல் மாணவர்கள் வீட்டிலிருந்து கற்றனர். ஜூன் 19 அன்று இரண்டாம் கட்டத் தளர்வு தொடங்கியபோது துணைப்பாட, செறிவூட்டு வகுப்புகள் திரும்ப அனுமதி கிடைத்தது. குரலிசைப் பயிற்சிக்கு மட்டும் விலக்கு இல்லை. 2021 மே 16 அன்று கட்டுப்பாடுகள் மீண்டும் இறுகியபோது, நேரடி நிகழ்ச்சிகளில் பாடுவதும், காற்றை வலிந்து வெளியேற்றி ஊதும் கருவிகளை வாசிப்பதும் பெயர் சுட்டித் தடுக்கப்பட்டன. அதே மாதம் 19 முதல், 18 வயதும் அதற்குக் குறைந்த வயதும் உடையோருக்கான துணைப்பாட, செறிவூட்டு வகுப்புகள் இணையத்துக்கு மாறின.

ஊதுகருவிக்கு மட்டும் ஏன் இந்த அச்சம்

இந்த அச்சத்துக்கு ஓர் ஊரின் பெயர் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள மவுண்ட் வெர்னன். 2020 மார்ச் 10 அன்று அங்கு ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் பயிற்சி செய்தது. 61 பேர் வந்திருந்தனர். அவர்களில் ஒருவருக்குச் சளி போன்ற அறிகுறிகள் இருந்தன. சில நாள்களுக்குள், அவரையும் சேர்த்து 53 பேர் நோயுற்றனர்: 33 பேருக்குப் பரிசோதனையில் தொற்று உறுதியானது, 20 பேருக்குத் தொற்று இருந்திருக்கக்கூடும் எனக் கருதப்பட்டது. இருவர் உயிரிழந்தனர். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு, தடுப்பு நிலையம் மே மாதத்தில் இந்த ஆய்வை வெளியிட்டது.

அதுவரை, நோயாளி இருமும்போது தெறிக்கும் பெரிய துளிகளே முதன்மைக் காரணம் என்று கூறப்பட்டது. பெரிய துளி இரண்டு மீட்டருக்குள் தரையில் விழுந்துவிடும். ஆனால், மூடிய அறையில் ஒரே மாலையில் இத்தனை பேருக்குப் பரவியதை அந்த விளக்கம் மட்டும் கொண்டு சொல்ல முடியவில்லை. மூச்சிலும் பேச்சிலும் பாட்டிலும் வெளியாகும் மிக நுண்ணிய துளிகள் புகைபோல் காற்றில் மிதக்கின்றன. காற்றோட்டம் இல்லாத அறையில் நெடுநேரம் தங்குகின்றன. 2020 ஜூலையில் 239 அறிவியலாளர்கள் இந்தக் காற்றுவழிப் பரவலைக் கருத்தில் கொள்ளுமாறு பகிரங்கக் கடிதம் எழுதினர்.

பாட்டுக்குச் சொன்னது ஊதுகருவிக்கும் பொருந்தும் என்று அதிகாரிகள் எடுத்துக்கொண்டனர். சும்மா இருக்கும் பெரியவர் ஒருவர் ஒரு மூச்சில் ஏறத்தாழ அரை லிட்டர் காற்றை விடுகிறார். ஊதுகருவி வாசிப்பவரோ நுரையீரலை நிரப்பி, அதைப் பல மடங்கு அழுத்தத்துடன் வெளியேற்றுகிறார். ஆபத்தும் அதே அளவு கூடும் என்பது அப்போதைய கணிப்பு.

ஆய்வுக்கூடங்கள் கண்டது

கணிப்பைச் சோதிக்க உலகெங்கும் வாசிப்பாளர்கள் ஆய்வுக்கூடத்துக்குள் அழைக்கப்பட்டனர்.

அமெரிக்காவில் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகமும் மேரிலாந்து பல்கலைக்கழகமும், இசை அமைப்புகள் பலவற்றின் கூட்டு நிதியுதவியுடன் ஆய்வு நடத்தின. பள்ளி பேண்ட் குழுக்களை மீண்டும் எப்படித் தொடங்குவது என்பதே அவர்கள் முன்னிருந்த கேள்வி. கருவியின் விரிந்த வாயிலிருந்தும், சில கருவிகளில் விரல் துளைகளிலிருந்தும், உதட்டோரத்திலிருந்தும் நுண்துளிகள் வெளிவருவதை அவர்கள் அளந்தனர். விரிந்த வாயை அடர்த்தியான துணியால் மூடினால் துளிகள் வெகுவாகக் குறைந்தன.

மினசோட்டா பல்கலைக்கழகம் அந்த மாநில இசைக்குழுவின் வாசிப்பாளர்களைக் கொண்டு 10 வகை ஊதுகருவிகளைச் சோதித்தது. முடிவு பலருக்கு வியப்பளித்தது. கருவிக்குக் கருவி வேறுபாடு இருந்தது. பெரிய, நீண்ட குழாயுடைய டூபாவிலிருந்து சாதாரண மூச்சைவிடவும் குறைவான துளிகளே வந்தன. வளைந்து வளைந்து செல்லும் குழாயின் உட்சுவரிலேயே துளிகள் படிந்துவிடுகின்றன. புல்லாங்குழல் வகையும் கிளாரினெட்டும் நடுநிலையில் இருந்தன. டிரம்பெட், பாஸ் டிராம்போன், ஓபோ ஆகியவை கூடுதல் துளிகளை வெளியிட்டன. இவற்றுள் ஓபோ நாதஸ்வரத்துக்கு உறவுக் கருவி. இரண்டும் இரட்டை நாக்குச் சீவாளியை உதட்டால் அழுத்தி ஊதப்படுபவை, இரண்டின் உடலும் வளைவில்லாத நேர்க்குழல்.

2021இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வு மேலும் ஆறுதல் தந்தது. ஊதுகருவிகளிலிருந்து வரும் நுண்துளிகள் மூச்சுவிடும்போது வருவதற்கு ஏறத்தாழ நிகர் என்றும், உரக்கப் பேசுவதையும் பாடுவதையும்விடக் குறைவு என்றும் அது கூறியது.

இந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு தெளிவு கிடைக்கிறது. கருவியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. மூடிய அறை, நீண்ட நேரம், நெருங்கிய இருக்கை, நின்றுபோன காற்று ஆகிய நான்கும் சேரும்போதுதான் ஆபத்து பெருகுகிறது. வகுப்பில் ஊதாமல் கூட்டமாகப் பேசிச் சிரித்தாலும் அந்த நான்கும் இருந்தால் ஆபத்து உண்டு.

திரைக்கு அப்பால் ஓர் ஆசிரியர்

வீட்டில் இருந்த மாதங்களில் இயங்கலை வகுப்பே கதி. ஆனால், அந்தக் கதவு எல்லாப் பிள்ளைகளுக்கும் திறக்கவில்லை. 2020 ஏப்ரலில் மலேசியக் கல்வி அமைச்சு வெளியிட்ட பெற்றோர் ஆய்வில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் சாதனமும் இல்லை என்பது தெரிந்தது. ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்துகொள்ளும் வீட்டில், கணிதப் பாடம் முடிந்த பிறகுதான் குழல் பாடத்துக்கு முறை வரும். தோட்ட வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் இன்னொரு சிக்கல்: பக்கத்து வீட்டுக்காரர் இரவு வேலை முடித்துப் பகலில் உறங்குகையில் பிள்ளை எங்கே போய் ஊதுவது?

இணைப்பு கிடைத்தவர்களுக்கும் ஒலி ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. காணொளி அழைப்புச் செயலிகள் மனிதப் பேச்சுக்காக வடிவமைக்கப்பட்டவை. மாறாமல் நீளும் ஒலியை அவை விசிறிச் சத்தம், குளிரூட்டிச் சத்தம் என்று நினைத்து அழித்துவிடும். புல்லாங்குழலில் முதலில் கற்பிப்பதே நீண்ட சுரம். பிள்ளை பத்து விநாடி ‘ஸ’ பிடித்தால் ஆசிரியருக்கு இரண்டு விநாடி கேட்டு, பிறகு தேய்ந்து மறையும். தம்பூராச் சுருதிக்கும் இதே கதி. ஸூம் செயலியில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ எனும் வசதியை இயக்கினால் இந்த வடிகட்டல் நிற்கும் என்பதை ஆசிரியர்கள் ஒருவர் மூலம் ஒருவர் கற்றுக்கொண்டனர்.

இயங்கலையில் கற்பிக்க முடிந்தவையும் உண்டு. விரல் வைக்கும் முறை, சரளி வரிசை, தாளக் கணக்கு, பிறர் வாசிப்பைக் கேட்டு ராகம் அறிதல் ஆகியவை நடந்தன. பிள்ளை தன் வாசிப்பைப் பதிவு செய்து அனுப்புவதும், ஆசிரியர் அதைக் கேட்டுக் குரல் பதிவில் திருத்தம் சொல்வதும் நல்ல பழக்கமாயின. தன் வாசிப்பைத் தானே திரும்பக் கேட்கும் பிள்ளை தவற்றைத் தானே கண்டுபிடிக்கிறது.

கைகூடாதவையே ஊதுகருவியின் உயிர்நாடி. உதடு எவ்வளவு குவிய வேண்டும், குழலின் வாய்த்துளை எந்தச் சாய்வில் இருக்க வேண்டும், தோள் உயராமல் வயிற்றிலிருந்து மூச்சு எழுகிறதா என்பதை ஆசிரியர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். தொடக்க நிலைப் பிள்ளைகள் பலர் காற்றுச் சத்தம் மட்டும் வருவதைக் கண்டு மனம் தளர்ந்து குழலைக் கீழே வைத்தது அதனால்தான்.

சேர்ந்து வாசிக்க ஏன் முடியவில்லை

‘எல்லாரும் ஒரே அழைப்பில் இருக்கிறோமே, சேர்ந்தே ஊதலாமே’ என்று பிள்ளைகள் கேட்டனர். ஊதிப் பார்த்தவுடன் புரிந்தது, ஒருவர் கூட மற்றவருடன் சேரவில்லை.

ஒலி காற்றில் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. பத்து மீட்டர் தள்ளி நிற்பவரின் ஒலி வந்துசேர 30 மில்லி விநாடி ஆகும். சேர்ந்து வாசிப்பவர்களுக்கு அந்த அளவு தாமதமே எல்லைக்கோடு. காணொளி அழைப்பில் தாமதம் 150 மில்லி விநாடியைத் தொடுவது வழக்கம். அது ஐம்பது மீட்டர் தள்ளி நிற்கும் ஒருவருடன் சேர்ந்து வாசிப்பதற்குச் சமம். நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் ஒரு தட்டின் நீளம் 500 மில்லி விநாடி. அதில் கால் பங்குக்கும் மேல் பிந்தினால் தாளம் குலைந்துவிடும். நீண்ட கோயில் ஊர்வலத்தில் முன்னால் போகும் மேளமும் பின்னால் வரும் மேளமும் ஒட்டாமல் கேட்பதும் இந்தக் காரணத்தால்தான்.

ஜாமுலஸ் போன்ற மென்பொருள்கள் தாமதத்தைக் குறைத்தன. ஆனால், அவற்றுக்குக் கணினியும் கம்பிவழி இணையமும் அருகில் ஒரு வழங்கியும் தேவை. கைப்பேசித் தரவை நம்பியிருந்த வீடுகளுக்கு அது எட்டவில்லை.

எனவே, ‘ஒட்டுப் போட்ட’ சேர்ந்திசை பரவியது. ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியாக வாசித்துப் பதிவு செய்ய, ஒருவர் எல்லாவற்றையும் ஒரே திரையில் கட்டம் கட்டமாக இணைத்தார். இதைச் செய்தவர்கள் பட்டறிவால் கண்ட நடைமுறை:

• சுருதியும் தாளத் தட்டும் உள்ள வழிகாட்டிப் பதிவு ஒன்றை எல்லாருக்கும் அனுப்ப வேண்டும்.

• அதைக் காதுக்கருவியில் கேட்டபடியே வாசிக்க வேண்டும். ஒலிபெருக்கியில் கேட்டால் தட்டும் பதிவாகிவிடும்.

• தொடங்குமுன் எல்லாரும் குறித்த தட்டில் ஒருமுறை கைதட்ட வேண்டும். பிறகு இணைப்பவர் அந்தக் கைதட்டை ஒன்றன்மேல் ஒன்று பொருத்துவார்.

• மூங்கில் குழல்களின் சுருதி மாற்ற முடியாதது. எல்லாரிடமும் ஒரே சுருதிக் குழல் இருக்க வேண்டும்.

• பதிவுக்குமுன் ஐந்து நிமிடமாவது ஊதிக் குழலைச் சூடேற்ற வேண்டும். குளிர்ந்த குழல் சுருதி இறங்கி ஒலிக்கும், சூடேற ஏறும்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இப்படி வந்த காணொளிகளைப் பார்த்துப் பெற்றோர் மகிழ்ந்தனர். பிள்ளைகளுக்கு அது ஒரு நினைவுச் சின்னம். ஆனால், சேர்ந்து வாசிப்பதன் பயிற்சி அதில் இல்லை. பக்கத்தில் இருப்பவர் மூச்செடுப்பதைக் கண்டு தானும் மூச்செடுப்பது, அவர் சுருதி சற்றே இறங்கும்போது தன் உதட்டைச் சரிசெய்வது, பாடலின் வேகம் கூடும்போது எல்லாரும் ஒன்றாகக் கூடுவது ஆகியவற்றைத் தனியறையில் கற்க வழியில்லை.

நாதஸ்வரத்தின் தனி இழப்பு

இந்த இழப்பு மிகக் கனத்தது நாதஸ்வர மாணவர்களிடம். ஒரு மேளக் கச்சேரியில் நாதஸ்வரம், தவில், தாளம், ஒத்து ஆகியவை இருக்கும். ஒத்து என்பது ஒரே சுருதியை இடைவிடாது ஊதும் குழல். இன்று பெரும்பாலும் சுருதிப் பெட்டி அதன் இடத்தில் உள்ளது. மரபில் இளம் மாணவர் முதலில் தாளம் போடுவார் அல்லது ஒத்து ஊதுவார். பெரியவர்களுக்குப் பின்னால் அமர்ந்து, எந்தப் பூசைக்கு எந்த ராகம், மாங்கல்யதாரணத்தின்போது தவில் எப்படி எழும் என்பதைக் காதாலும் கண்ணாலும் பிடித்துக்கொள்வார். இரண்டாண்டு திருவிழாக்களும் திருமணங்களும் சுருங்கியபோது அந்தப் பின்னிருக்கையே இல்லாமல் போனது. வருமானம் இழந்த வாசிப்பாளர்களுக்கும் புதிய மாணவரைச் சேர்த்துக்கொள்ளும் மனநிலை குறைந்தது.

பேண்ட் குழுக்களிலும் இதே கதைதான். அங்கே மூத்த மாணவரே இளையவருக்குக் கருவி பிடிக்கவும் அணிவகுக்கவும் சொல்லித்தருவார். மூத்தவர்கள் பள்ளி முடித்துச் சென்றனர்; இளையவர்கள் அவர்களைச் சந்திக்கவே இல்லை. பள்ளி திறந்தபோது ஆசிரியர் முதலாம் பாடத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

மீண்டும் கூடியபோது கடைப்பிடித்தவை

கொலராடோ, மேரிலாந்து ஆய்வு பள்ளிகளுக்கு ஐந்து எளிய விதிகளைத் தந்தது. பல நாடுகளின் பேண்ட் ஆசிரியர்கள் அவற்றைத் தங்கள் இடத்துக்கேற்ப எடுத்துக்கொண்டனர்.

கவசம்: வாசிப்பவர் ஊதுவாய் நுழையும் அளவுக்குப் பிளவுள்ள முகக்கவசம் அணிய வேண்டும். கருவியின் விரிந்த வாய்க்கும் துணிக்கவசம் போட வேண்டும்.

இடைவெளி: பிள்ளைகளுக்கு இடையே ஆறு அடி. டிராம்போன் வாசிப்பவருக்கு, அதன் இழுகுழாய் முன்னால் நீள்வதால், முன்புறம் ஒன்பது அடி. வட்டமாக உட்காராமல் எல்லாரும் ஒரே திசை நோக்கி நேர்வரிசையில் அமர வேண்டும்.

நேரம்: ஒரே அறையில் தொடர்ந்து 30 நிமிடத்துக்கு மேல் வாசிக்கக் கூடாது. பிறகு வெளியேறி, அறைக் காற்று ஒருமுறையாவது முழுமையாக மாறும்வரை காத்திருக்க வேண்டும்.

காற்று: திறந்தவெளி சிறந்தது. கூரை மட்டும் உள்ள, பக்கங்கள் திறந்த இடம் அடுத்தது. அறையானால் சன்னல்கள் திறந்திருக்க வேண்டும்.

தூய்மை: கருவிக்குள் சேரும் நீரைத் தரையில் கொட்டாமல், உறிஞ்சும் துணியில் வடிக்க வேண்டும்.

நம் நாடுகளுக்கு இதில் ஒரு வசதியும் ஒரு தொல்லையும் உண்டு. ஆண்டு முழுதும் வெளியே பயிற்சி செய்யும் வெப்பநிலை இங்கு இருக்கிறது. பள்ளித் திடலோரம், திறந்த சிற்றுண்டிச்சாலை, சபா மண்டபத்தின் முன்கூடம், அடுக்குமாடியின் கீழ்த்தளம் ஆகியவை பயன்படும். தொல்லை, குளிரூட்டி. சுவரில் மாட்டிய சாதாரணக் குளிரூட்டி அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. சன்னல் சாத்திய குளிரூட்டி அறையைவிட விசிறி ஓடும் திறந்த கூடமே ஊதுகருவிக்குப் பாதுகாப்பானது.

கருவித் தூய்மை: பெற்றோர் அறிய வேண்டியவை

பெருந்தொற்று அடங்கிவிட்டாலும் சளிக் காய்ச்சலும் மற்ற கிருமிகளும் போகவில்லை. அக்காலத்தில் படிந்த பழக்கங்கள் சில என்றும் உதவும்.

ஊதுவாயும் சீவாளியும் பல்துலக்கி போன்றவை. பிறருடன் பகிரக் கூடாது. பள்ளிக் கருவியை இருவர் மாறி மாறிப் பயன்படுத்தினாலும் ஆளுக்கொரு ஊதுவாய் இருப்பது நல்லது. மாணவரின் சீவாளியை ஆசிரியர் தம் வாயில் வைத்துச் சோதிக்கும் பழைய வழக்கத்தையும் தவிர்க்கலாம்.

பிளாஸ்டிக் ரெக்கார்டரை மூன்று பகுதியாகப் பிரித்து, மிதமான சவர்க்கார நீரில் கழுவி உலர்த்தலாம். கொதிநீரில் போட்டால் வடிவம் கோணிவிடும். பித்தளைக் கருவிகளின் உலோக ஊதுவாயையும் சவர்க்கார நீரில் கழுவலாம். கிளாரினெட்டின் கறுப்பு ஊதுவாய்க்கு வெந்நீர் ஆகாது; நிறம் மங்கும்.

மூங்கில் குழலை நீரில் ஊறவைக்கக் கூடாது, வெடிக்கும். மெல்லிய குச்சியில் சுற்றிய துணியால் உள்ளே துடைத்து நிழலில் உலர்த்த வேண்டும். நாதஸ்வரத்தின் மரக்குழலுக்கும் அதுவே பொருந்தும். வாசித்து முடித்த சீவாளியை ஈரத்தோடு மூடிய பெட்டியில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். காற்றோட்டமாகக் காயவிட வேண்டும். கைத்தூய்மித் திரவத்தை மூங்கிலிலோ மரத்திலோ தெளிக்கக் கூடாது.

காய்ச்சலோ இருமலோ உள்ள பிள்ளை அன்று வகுப்புக்குப் போகாமல், வீட்டில் தாளம் போட்டுப் பாடம் சொன்னால் போதும். நோயிலிருந்து மீண்ட பிள்ளையை முதல் நாளே நெடுநேரம் ஊத வைக்க வேண்டாம். ஐந்து நிமிடத்தில் தொடங்கி நாளுக்கு நாள் கூட்டலாம். மூச்சிரைப்போ நெஞ்சுவலியோ இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

திரும்பி வந்த மூச்சு

மலேசியா 2022 ஏப்ரல் 1 அன்று நோயுடன் வாழும் கட்டத்துக்கு மாறியது. அவ்வாண்டு செப்டம்பரில் உள்ளரங்குகளில் முகக்கவசம் அவரவர் விருப்பமானது. சிங்கப்பூரில் ஆகஸ்டு 29 அன்று பெரும்பாலான உள்ளரங்குகளில் அந்தக் கட்டாயம் நீங்கியது. 2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19 உலகளாவிய நெருக்கடி நிலை முடிவுக்கு வந்ததாக அறிவித்தது.

விதிகள் நீங்கிய வேகத்தில் குழுக்கள் எழுந்துவிடவில்லை. ஒரு பேண்ட் குழுவையோ நாதஸ்வரக் குழுவையோ கட்டியெழுப்ப மூத்தவரும் இளையவரும் ஒரே கூரையின்கீழ் சில ஆண்டுகள் சேர்ந்து ஊத வேண்டும். இடையில் நின்ற பிள்ளை இன்று உயர்நிலைப்பள்ளியில் இருக்கலாம். விரல்கள் இன்னும் மறக்கவில்லை. உதடும் மூச்சும் சில வாரப் பயிற்சியில் திரும்பிவிடும். வயது கடந்துவிட்டது என்று குழலை அலமாரியில் விட்டுவைக்கத் தேவையில்லை.

கோயில் நிர்வாகங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் செய்யக்கூடியது பெரிய செலவில்லாதது. பூசை வேளையில் மேளக்காரருக்குப் பின்னால் இரண்டு பிள்ளைகள் தாளத்தோடு அமர ஓர் இடம் வேண்டும். பள்ளிக் கருவிகளை விடுமுறையில் கையொப்பம் பெற்று வீட்டுக்குத் தரலாம். பயிற்சிக்குக் குளிரூட்டி அறைக்குப் பதிலாகத் திறந்த கூடத்தை ஒதுக்கலாம். மறுபடியும் ஒரு தொற்று வந்தால், அந்தக் கூடமும் வீட்டில் இருக்கும் கருவியும் பிள்ளைகளின் வாசிப்பை நிறுத்தாமல் காக்கும்.